மோட்டாருக்கு முன்னே திருகுதண்டு
1972-இல் தோன்றிய பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயத்தை அண்டிப் பினாங்கில் பிழைத்துவரும் சிறு பட்டறையொன்றிலே, கைப்பிடி சுழற்றி ஓட்டிய பழைய மில்லிங் இயந்திரத்துக்குக் கணினிக் கட்டுப்பாடு பொருத்துவதை முன்னிட்டு, மலிவான ஸ்டெப்பர் மோட்டாரா, விலையுயர்ந்த சர்வோ மோட்டாரா என்று காரசாரமாக எழுந்த விவாதத்தை அண்மையில் கேட்க நேர்ந்தது. ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுத்து நகரும் சாதாரண ஸ்டெப்பர், வேகம் ஏற ஏற முறுக்குவிசை குன்றி, வெட்டுளி இறுகிய இடத்தில் படி தவறினாலும் அதை எவருக்கும் தெரிவிப்பதில்லை. சர்வோவோ தன் ஸ்தானத்தை என்கோடர் மூலம் க்ஷணந்தோறும் சோதித்து, பிசகு எல்லை மீறினால் பிடிவாதமாக நின்றே விடுகிறது. ஆயினும், மேஜையை நகர்த்தும் திருகுதண்டு தேய்ந்து ஆட்டங்கண்ட கிழ இயந்திரத்துக்குச் சர்வோ பூட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மோட்டாரின் அச்சில் அமர்ந்திருக்கும் என்கோடருக்கு மேஜையின் ஆட்டம் எப்படித் தெரியும்? முதலாளி அந்தப் பணத்தில் முதலில் நல்ல பால் ஸ்க்ரூத் திருகுதண்டு வாங்கட்டும்.