காத்திருப்புக்கு யார் கூலி தருவது?

இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை இல்லை. ஆனாலும் நிச்சயமின்மைக்கு விலை கொடுப்பவர்கள் உண்டு. கொரோனாவால் 2020-இல் ஆள்சேர்ப்பு நின்றது. 2022 ஜூன் 14-இல் நான்காண்டு ராணுவச் சேவைத் திட்டமான அக்னிபத் வந்தது. உடல்தகுதித் தேர்வில் தேறி எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களின் உழைப்பு அத்தோடு வீண். அந்த ஆண்டுக்கு மட்டும் வயது வரம்பு 21-லிருந்து 23 ஆனது. இழந்த கூலிக்கு ஈடில்லை.

சிங்கப்பூர் இளைஞனுக்குக் கட்டாய ராணுவச் சேவை இரண்டு ஆண்டு என்பது முன்பே தெரியும். குத்துக்கல்வலசை போன்ற ஊரிலிருந்து அக்னிபத்தில் சேர்ந்து அக்னிவீரராகப் போகிறவருக்கு நான்காண்டுக்குப் பின் என்ன என்பதே தெரியாது. நிரந்தரமாவோர் அதிகபட்சம் 25 விழுக்காடு. மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, சுமார் 11.71 லட்சம் ரூபாய்தான். அதிலும் ஏறக்குறையப் பாதி, அவர்கள் சம்பளத்தில் பிடித்ததே!

யார் தங்குவார் என்பதை மூன்றாம் ஆண்டிலேயே சொன்னால், மற்றவர்கள் வேறு தேர்வுக்காவது படிக்கலாம்.