கடலே இல்லாத தருமபுரி... கப்பல் துறைக்கு ரூ.69,725 கோடி: பிளஸ் டூ மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கு?

தருமபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது. ஒகேனக்கல் பரிசல்தான் இங்கே பலரும் ஏறிப் பார்த்த ஒரே நீர் வாகனம். சென்னைத் துறைமுகத்துக்குப் போகணும்னா சுமார் 300 கிலோமீட்டர் பயணம். பிளஸ் டூ முடித்தால் நர்சிங், இன்ஜினியரிங், இல்லையென்றால் ஓசூர், பெங்களூரு, திருப்பூர் பக்கம் வேலை என்றுதான் பேச்சு ஓடும். கப்பல் வேலை அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வராது. வந்தாலும், "தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் கப்பல்ல சேர்த்து விடுறேன்னு சொல்றார்" என்ற ரூபத்தில் வரும்.

இந்த நேரத்தில்தான் கப்பல் கட்டுமானத்துக்கும் கடல்சார் துறைக்கும் 69,725 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பர் 24 அன்று ஒப்புதல் கொடுத்தது. சுமார் 30 லட்சம் வேலைவாய்ப்புகள் உருவாகும் என்கிறது அரசு. அந்த வேலைகளில் எத்தனை கடற்கரையைத் தாண்டி உள்மாவட்டங்களுக்கு வரும்? அதைப் புரிந்துகொள்ள தருமபுரி மாவட்டத்திலேயே ஒரு ஊருக்குப் போய்வரலாம்.

பாப்பாரப்பட்டிக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு?

பென்னாகரம் வட்டத்தில் இருக்கும் பாப்பாரப்பட்டியில் தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1925 ஜூலை 23 அன்று அவர் காலமானது இந்த ஊரில்தான். 'கப்பலோட்டிய தமிழன்' வ.உ.சிதம்பரனாரோடு தூத்துக்குடியில் தோளோடு தோள் நின்றவர் சிவா.

வ.உ.சி. 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதன இலக்கு 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கின் விலை 25 ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஒரு கட்டத்தில் பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையையும் கொடுக்கத் தயாரானது. அந்த அடியைத் தாங்கும் பணம் சுதேசிக் கம்பெனியிடம் இல்லை. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். வ.உ.சி.க்கு 40 ஆண்டு, சிவாவுக்கு 10 ஆண்டு தண்டனை; மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இருவரும் விடுதலையாகி வந்தபோது, ஓட்டுவதற்குக் கப்பல் இல்லை.

ஒரு கப்பல் தொழில் நிலைத்து நிற்க என்னவெல்லாம் வேண்டும் என்பதை இந்தக் கதையே சொல்லிவிடுகிறது. நஷ்டத்தைத் தாங்கும் மூலதனம் வேண்டும். ஆதரவான சட்டம் வேண்டும். கப்பலைக் கட்டவும் ஓட்டவும் தெரிந்த சொந்த ஆட்கள் வேண்டும். நூறு ஆண்டு தாண்டியும் இந்தியாவில் விவாதம் இந்த மூன்றைச் சுற்றியே நடக்கிறது.

இன்றைக்கு இந்தியா எங்கே நிற்கிறது?

நாட்டின் வெளிநாட்டு வர்த்தகத்தில் அளவின்படி சுமார் 95 சதவீதம் கடல் வழியாகத்தான் போய்வருகிறது. ஆனால் அதில் இந்தியக் கப்பல்கள் சுமப்பது 5 சதவீதம் அளவுக்குத்தான். ஒரு காலத்தில் இது 40 சதவீதமாக இருந்தது. சரக்குக் கட்டணமாக மட்டும் ஆண்டுக்குச் சுமார் 75 பில்லியன் டாலர், அதாவது ஏறக்குறைய 6 லட்சம் கோடி ரூபாய், வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகிறது என்று 2025 செப்டம்பரில் குஜராத்தின் பாவ்நகரில் பேசிய பிரதமர் மோடி குறிப்பிட்டார்.

கப்பல் கட்டுவதில் நிலைமை இன்னும் மோசம். உலகில் கட்டப்படும் கப்பல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனா, தென் கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் இருந்துதான் வருகின்றன. இந்தியாவின் பங்கு ஒரு சதவீதம்கூடக் கிடையாது.

இந்தியா முன்னணியில் இருப்பது ஆட்களை அனுப்புவதில்தான். உலகக் கடலோடிகளில் சுமார் 12 சதவீதம் பேர் இந்தியர்கள் என்கிறது மத்திய அரசு. 2030-க்குள் இதை 20 சதவீதமாக்க வேண்டும் என்பது இலக்கு. அதாவது கப்பல் வேற நாட்டோடது, உழைப்பு நம்மோடது.

ரூ.69,725 கோடி எதற்கெல்லாம்?

* கப்பல் கட்டும் தளங்களுக்கான நிதி உதவி: ரூ.24,736 கோடி. இங்கே கட்டினால் ஆகும் கூடுதல் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். 2036 மார்ச் 31 வரை இந்தத் திட்டம் இருக்கும்.
* கடல்சார் மேம்பாட்டு நிதி: ரூ.25,000 கோடி. இதில் 20,000 கோடி முதலீட்டுக்கு, 5,000 கோடி வட்டிச் சலுகைக்கு.
* கப்பல் கட்டுமான மேம்பாட்டுத் திட்டம்: ரூ.19,989 கோடி. புதிய கப்பல் கட்டும் தொகுப்புகள், இருக்கும் தளங்களின் விரிவாக்கம், காப்பீட்டு உதவி ஆகியவை இதில் வரும்.

மூன்றாவது திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் கீழ் 'இந்தியக் கப்பல் தொழில்நுட்ப மையம்' அமைக்கப்படும் என்பதுதான் அது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், உத்தண்டியில் இருக்கிறது.

சட்டத்தில் என்ன மாறியது?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கடல் தொடர்பான பழைய சட்டங்களை வரிசையாக மாற்றியது. 1958-ம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. துறைமுகங்களுக்கும் புதிய சட்டம். அதுவரை நடைமுறையில் இருந்த துறைமுகச் சட்டம் எந்த ஆண்டுடையது தெரியுமா? 1908. வ.உ.சி.யும் சிவாவும் கைதான அதே ஆண்டு.

பெரிய கப்பல்களுக்கு 'உள்கட்டமைப்பு' அந்தஸ்தும் 2025 செப்டம்பரில் கிடைத்தது. சாலை, மின்நிலையம் போல நீண்டகாலக் கடனைக் கொஞ்சம் குறைந்த வட்டியில் வாங்க இது வழிசெய்யும். வ.உ.சி.க்குக் கிடைக்காமல் போன மூலதன வசதி இதுதான்.

ஆராய்ச்சி ஏன் முக்கியம்?

1970-களின் தொடக்கத்தில் தென் கொரியாவில் பெரிய கப்பல் கட்டும் தளமே இல்லை. 1972-ல் உல்சான் நகரில் ஹூண்டாய் வேலையைத் தொடங்கியது. அரசின் ஆதரவு, உள்நாட்டு உருக்கு, பயிற்சி பெற்ற பொறியாளர்கள் எல்லாம் சேர்ந்து சில பத்தாண்டுகளில் அந்த நாட்டை முன்வரிசைக்குக் கொண்டுவந்தன. இப்போது இந்தியா அதே பாதையில் ஓடினால் மட்டும் போதாது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2050 வாக்கில் கப்பல் துறையின் நிகர கரிம உமிழ்வைப் பூஜ்ஜியமாக்க வேண்டும் என்ற இலக்கை 2023-ல் வைத்துவிட்டது. டீசலுக்குப் பதில் என்ன எரிபொருள், எந்த வடிவமைப்பு என்பதை இனிமேல்தான் உலகமே முடிவு செய்யப் போகிறது. தாமதமாக வந்த நாட்டுக்கு உள்ளே நுழைய இது ஒரு சந்தர்ப்பம்.

இதற்கான ஆய்வு நிறுவனங்களில் முக்கியமானவை தமிழ்நாட்டில் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. அதன் தையூர் வளாகத்தில் துறைமுகங்கள், நீர்வழிகள், கடற்கரைகளுக்கான தேசியத் தொழில்நுட்ப மையம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் பள்ளிக்கரணையில் இயங்குகிறது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடித் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது.

அதே மாதம் கொச்சின் ஷிப்யார்ட், மசகான் டாக் ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்களும் தமிழ்நாட்டில் தலா 15,000 கோடி ரூபாயில் கப்பல் கட்டும் தளம் அமைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. இதற்கும் தூத்துக்குடிதான் குறி. ஒப்பந்தம் கையெழுத்தானதையே தளம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வந்தால் முதலில் தேவைப்படுவது வெல்டர், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன். தருமபுரி ஐ.டி.ஐ. மாணவர்கள் ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் கொண்டுபோகும் அதே தொழில்கள்.

தருமபுரி மாணவருக்கு எந்தெந்தக் கதவு?

பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள்: இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் ஐ.எம்.யு. சி.இ.டி. நுழைவுத்தேர்வு எழுதலாம். மூன்று பாடங்களிலும் சேர்த்து 60 சதவீதமும், பத்தாம் வகுப்பு அல்லது பிளஸ் டூ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். இன்ஜின் பிரிவுக்கு நான்காண்டு பி.டெக். மரைன் இன்ஜினியரிங். கப்பலைச் செலுத்தும் பிரிவுக்கு மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் அல்லது ஓராண்டு டிப்ளமோ. கடலுக்கே போக வேண்டாம், கப்பலை வடிவமைக்கணும் என்றால் விசாகப்பட்டினம் வளாகத்தில் பி.டெக். படிப்பு உண்டு.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர்கள்: ஓராண்டு மரைன் இன்ஜினியரிங் பயிற்சி மூலம் கப்பலுக்குப் போகலாம். எலெக்ட்ரிக்கல் படித்தவர்களுக்குத் தனியாக எலெக்ட்ரோ டெக்னிக்கல் ஆஃபீசர் பயிற்சி இருக்கிறது. செட்டிக்கரையில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள்: ஆங்கிலம், கணிதம், அறிவியலில் குறிப்பிட்ட மதிப்பெண் இருந்தால் ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சி. இது கப்பலின் அடிப்படைப் பணியாளர்களுக்கானது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது: கண். நிறக்குருடு இருந்தால் சேர முடியாது. கப்பல் செலுத்தும் பிரிவுக்குக் கண்ணாடி இல்லாமலே தெளிவான பார்வை வேண்டும். கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டால் பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

அப்புறம் எங்கே தடுக்குது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைவாக இருந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலைப் பார்க்கும் பிள்ளைகள் இங்கே அதிகம். அவர்களுக்கு மூன்று தடைகள்.

முதலாவது, நுழைவுத்தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் வழியில் படித்த மாணவர் பாடம் தெரிந்தும் கேள்வியில் தடுமாறலாம். இரண்டாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தமிழ்நாடு அரசின் சேர்க்கைக்குத்தான். மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தாது. கட்டணமும் படிப்பு முடிவதற்குள் பல லட்சம் ஆகிவிடும்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். படித்து முடித்தாலும் கப்பலில் பயிற்சிக்கான இடம் கிடைத்தால்தான் அடுத்த தேர்வை எழுதி அதிகாரி ஆக முடியும். உதாரணத்துக்கு டிப்ளமோ மாணவருக்கு 18 மாதக் கடல் பயிற்சி தேவை. அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் போலி ஏஜென்ட்கள் உள்ளே வருகிறார்கள். கப்பலில் ஏற்றிவிடப் பல லட்சம் கேட்கிறார்கள். வீட்டில் நகை அடகுக்குப் போகிறது, நிலம் கிரயமாகிறது.

பணம் மட்டும்தான் போகும் என்றும் சொல்ல முடியாது. சம்பளம், சாப்பாடு இல்லாமல் நிறுவனங்கள் கைவிட்ட கப்பல்களில் 2024-ல் உலகம் முழுக்க 3,133 கடலோடிகள் சிக்கினார்கள் என்கிறது சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு. அதில் இந்தியர்கள் 899 பேர். எந்த நாட்டை விடவும் இதுதான் அதிகம்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் என்ன பார்க்கணும்?

* படிப்பு: கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி. ஷிப்பிங், அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத இடத்தில் சேர வேண்டாம்.
* ஏஜென்ட்: வேலைக்கு ஆள் எடுக்க 'ஆர்.பி.எஸ்.எல்.' உரிமம் கட்டாயம். உரிம எண்ணைக் கேளுங்கள், அதே இணையதளத்தில் சரிபாருங்கள்.
* வேலைக்குக் கட்டணம்: 2015-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் காசு வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடலோடி புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டும்தான் அவருடையது.
* ஆவணங்கள்: 'இன்டோஸ்' எண்ணும், சி.டி.சி. எனப்படும் கடலோடி புத்தகமும் இல்லாமல் "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே கப்பலில் ஏத்திடுவாங்க" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து என்ன?

பணம் ஒதுக்கியாச்சு, சட்டம் மாறியாச்சு. மூலதனம், சட்டம் என்ற இரண்டு கணக்கும் காகிதத்தில் முடிந்திருக்கிறது. ஆட்கள் என்ற மூன்றாவது கணக்கு பள்ளிகளில்தான் தொடங்க வேண்டும். 'நான் முதல்வன்' திட்டத்தில் அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே உயர்கல்வி வழிகாட்டுதல் நடக்கிறது. நீட், ஜே.இ.இ. பற்றிப் பேசும் அந்த வகுப்பில் ஐ.எம்.யு. சி.இ.டி.க்கும் அரை மணி நேரம் ஒதுக்கினால், ஏஜென்ட் சொல்வதற்கு முன்பே பாலக்கோட்டிலும் அரூரிலும் உள்ள ஒரு பெற்றோருக்கு விவரம் தெரிந்திருக்கும். தமிழ் வழி மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சி, பயிற்சி இடங்களை அதிகரிக்கக் கப்பல் நிறுவனங்களுக்கு நிபந்தனை ஆகியவை மத்திய, மாநில அரசுகள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியவை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிளஸ் டூ படிப்பவர் இருந்தால், இந்த ஆண்டுக்கான ஐ.எம்.யு. சி.இ.டி. அறிவிப்பைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை அவரே போடலாம். நடுவில் ஆள் தேவையில்லை.