லொறியின் முகப்புப் பலகையில் மூன்று மானிகள்

லொறி வைத்திருப்போர் அதன் வெளிப்புறத்துக்குச் செய்யும் அலங்காரங்களுக்குக் குறைவில்லை. பூவேலை, படங்கள், மின்குமிழ் வரிசை யாவும் உண்டு. சாரதி நாள் முழுவதும் பார்த்திருக்கும் முகப்புப் பலகையோ வெயிலில் வெளிறி, ஆங்காங்கு கீறல் விழுந்து கிடக்கும். அதனைக் கழற்றிப் புதுவர்ணம் பூசி, இரண்டு மூன்று மானிகளையும் பொருத்திக்கொள்ளலாமே என்ற ஆசை இளைஞர் பலருக்கு எழுவதுண்டு. நல்ல ஆசைதான். ஆயினும் இவ்வேலையில் அழகு ஒரு பங்கெனில், வண்டியின் உயிர் மூன்று பங்கு.

எண்ணெய் அமுக்கத்தை அறிவிப்பதற்குப் பல வண்டிகளில் இருப்பது ஒரு செவ்விளக்கு மாத்திரமே. அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 இறாத்தல் அளவுக்கு வீழ்ந்த பின்னரே அது எரியும். ஓடும் இயந்திரத்துக்கு, நிமிடத்துக்கு 1,000 சுழற்சிகளுக்கு 10 இறாத்தல் வீதம் வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. அதன்படி 2,500 சுழற்சியில் மலையேறும் லொறிக்கு 25 இறாத்தல் வேண்டும். அது 8 ஆகக் குறைந்துவிட்டாலும் விளக்கு வாய் திறவாது. திறக்கும்போது உள்ளே உலோகத்தோடு உலோகம் உராயத் தொடங்கியிருக்கும். தவணைக்கு வாங்கிய லொறியின் இயந்திரம் இவ்வாறு இறுகி நின்றுவிட்டால், அடுத்த மாதத் தவணையை யார் கட்டுவது?

முள்ளுள்ள மானி வீழ்ச்சியைப் படிப்படியாகக் காட்டும். நேற்று 40 காட்டிய இடத்தில் இன்று 30 காட்டினால், ஏதோ தேய்கின்றது என்று சாரதி அறிந்துகொள்வார். இதன் உட்கருவி மிக எளிமையானது. தட்டையாக்கி வளைத்த உலோகக் குழாயொன்று அமுக்கத்தால் நிமிர முயலும். அவ்வசைவு பற்சில்லு வழியாக முள்ளைத் திருப்பும். யூஜீன் பூர்டோன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1849 இல் உரிமைப் பத்திரம் பெற்ற அமைப்பு அது. இன்றும் மாறவில்லை. ஆனால் இவ்வகை மானிக்குக் கொதியெண்ணெயை மெல்லிய குழாயிற் சாரதியின் கூண்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். இணைப்பு ஒன்று விட்டால் எண்ணெய் பாய்வது அவர் காலின்மீது. ஆதலால், உணர்வியை இயந்திரத்திற் பொருத்திக் கம்பியை மாத்திரம் உள்ளே கொணரும் மின்மானியையே நான் விரும்புவேன்.

வெப்பமானியை வாசிப்பதற்குச் சிறிது பௌதிக அறிவும் வேண்டும். கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடி அமுக்கத்தைக் காத்து நிற்பதனால் இது வழக்கமாக நமக்குத் தெரிவதில்லை. மூடியின் றப்பர் பழுதடைந்த லொறி கண்டியிலிருந்து றம்பொடை வழியாக ஏறும்போதுதான் தெரியவரும். இன்னொன்று: நீர் முழுவதும் ஒழுகிப் போனால் உணர்வி வெறும் ஆவியில் நிற்கும். இயந்திரம் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கி ஏதோ குளிர்ந்துவிட்டதெனப் பொய்யுரைக்கும். ஏற்றத்தில் முள் திடீரென இறங்கினால் மகிழாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள். மூடியை உடனே திறக்கவும் வேண்டாம்.

மூன்றாவது மானி பற்றரிக்குரியது. முற்காலத்து அம்பியர்மானி வண்டியின் பெருமின்னோட்டம் முழுவதையும் தன்னூடாகச் செலுத்தியது. அதன் தடித்த கம்பி உரசினால் தீ. வோல்ற்றுமானிக்கு மெல்லிய கம்பியும் சிறிய உருகியும் போதும். கடைக்குச் செல்லுமுன் உங்கள் லொறி 12 வோல்ற்றா, 24 வோல்ற்றா என்று பாருங்கள். பெரிய லொறிகள் பெரும்பாலும் 24. சிற்றுந்துக்குரிய மானியை அதிற் பொருத்தினால் புகையைத்தான் காண்பீர்கள்.

பொருத்துவதற்குமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிடுக. தகட்டுச் சுவரைத் துளைத்துக் கம்பி செல்லுமிடத்தில் றப்பர் வளையம் இடுக. ஒற்றைக் கம்பி உணர்வி தன் புரியின் வழியாகவே இயந்திர உடலோடு மின்தொடர்பு கொள்வது. ஒழுகாதிருக்கட்டுமென்று அதில் வெள்ளை நாடாவைச் சுற்றினால் முள் தவறாகக் காட்டவுங்கூடும். உணர்வியும் மானியும் ஒரே சோடியாய் இருத்தல் வேண்டும்.

இனி வர்ணம். பலகையைக் கழற்றி வெளியே கொண்டுவந்துதான் பூச வேண்டும். அடைத்த கூண்டினுள் விசிறினால் ஆவி மூளைக்கேறும், தீப்பற்றவும் கூடும். பளபளப்புக்கென முன்னர் தேய்த்த சிலிக்கோன் மெழுகு எஞ்சியிருந்தால் புதுவர்ணம் மீன்கண்போற் குழிகுழியாக விலகும். சவர்க்கார நீராலும் பின்னர் மெழுகு நீக்கியாலும் கழுவி, 600 இலக்க அரத்தாளால் மெல்ல உரைத்து, பிளாஸ்திக்குக்குரிய பிடிப்புப் பூச்சை முதலிற் பூசுக. அதன்மேல் மெல்லிய பூச்சுகள் மூன்று, ஒன்று காய்ந்தபின் மற்றொன்று. நிறம் உங்கள் விருப்பம். பளபளப்பு மாத்திரம் வேண்டாம். மினுங்கும் பலகை நண்பகல் வெயிலில் முன்கண்ணாடியில் நிழலாடி, வீதியைக் கடக்கும் பிள்ளையை மறைத்துவிடும். மங்கற் கருமையோ சாம்பலோ தக்கது. விற்பவர் மினுமினுப்பானதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

மானிகளை இறுக்குமுன், பந்தயக் காரோட்டிகள் கையாளும் ஒரு வழக்கத்தையும் பின்பற்றலாம். இயந்திரம் சுகமாய் ஓடுகையில் மூன்று முட்களும் நேர்மேலே நோக்குமாறு ஒவ்வொரு மானியையும் அதன் துவாரத்தில் திருப்பி வைப்பர். எண்கள் சாய்ந்து தோன்றும், பாதகமில்லை. வளைவுகளிற் சாரதிக்குக் கிடைப்பது ஒரு கணப் பார்வையே. எண்களை வாசிக்க அவருக்கு நேரமில்லை. கோணலாய் நிற்கும் முள்ளை மாத்திரம் கண்டுகொண்டாற் போதும். புதிதாய் வந்த மாற்றுச் சாரதிக்கும் இதனை ஒரு நிமிடத்திற் சொல்லிக்கொடுத்துவிடலாம்.