மாட்டுக்கு எந்த கிரேயான்?



உங்கள் டிராயிங் நோட்டில் மாடு இருக்கிறதா? இருந்தால் எடுத்துப் பாருங்கள். வெள்ளை உடம்பு, அதில் அங்கங்கே மை கொட்டினாற்போல் கறுப்புத் திட்டு. சரிதானே? கலரிங் புத்தகம், சாக்லெட் உறை, கார்ட்டூன்... எங்கே பார்த்தாலும் இவர்தான்! பெயர், ஹோல்ஸ்டீன் பிரீசியன். பூர்வீகம் நெதர்லாந்தும், வட ஜெர்மனியும். குடம் குடமாகப் பால் தரும் நல்ல மாடுதான். ஆனால், உலகத்தில் மாடு என்றாலே இவர் ஒருவர்தான் என்பது போல வரைவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

திருப்பூர் பக்கத்துக் காங்கேயம் மாட்டை வரைய ஒரு கிரேயான் போதாது. கன்று பிறக்கும்போது செம்பழுப்பு. சுமார் ஆறு மாதம் ஆனதும் அந்த நிறம் மாறி, சாம்பலாகி விடும். பசு வெளிர் சாம்பல் அல்லது வெள்ளை. காளையோ வளர வளர, கழுத்து, திமில், தொடை எல்லாம் கறுத்துப் போகும். வண்டி இழுக்கும் எருது அவ்வளவு கறுப்பாக இருக்காது. ஆக, நிறத்தைப் பார்த்தே, 'இது கன்று, இது காளை' என்று சொல்லி விடலாம். வெளிர் சாம்பல் பசுவுக்குப் பக்கத்தில் செம்பழுப்புக் கன்றை நீங்கள் வரைந்து, 'கலர் தப்பு' என்று யாராவது பென்சிலால் சுழித்தால், தைரியமாக, 'இது காங்கேயம்' என்று சொல்லுங்கள்.

அந்த வெளுத்த முடியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், உள்ளே தோல் கறுப்பு! வெள்ளை முடி வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்புத் தோல் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்கும். கொளுத்தும் வெயிலில், கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில் நாளெல்லாம் மேய வேண்டுமே!

நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் உம்பளச்சேரி மாடு. இதற்கும் கன்று சிவப்பு, வளர்ந்தால் சாம்பல். ஆனால், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் சாக்ஸ் போட்டாற்போல் வெள்ளை. சேற்று வயலில் உழுவதில் கெட்டிக்காரர். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலை மாட்டுக்குப் பழுப்பு உடம்பு, மேலே வெள்ளைத் திட்டுகள். லேசில் கட்டுக்கு அடங்க மாட்டார்!

'கலரில் என்ன இருக்கிறது, பால்தானே முக்கியம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காங்கேயம் பசு, கன்று குடித்தது போக சில லிட்டர்தான் கறக்கும். பால் விற்றுப் பிழைக்கும் குடும்பம், ஜெர்சி கலப்பின மாடு வாங்குவதை நான் குறை சொல்லவே மாட்டேன். டிராக்டர் வந்தபின் உழவு மாட்டுக்கும் வேலை போய் விட்டது. அதனால்தான் இவை குறைந்து போயின. 2017ல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியபோது, நாட்டு மாடுகளின் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டார்கள். கேட்டதோடு சரி, நோட்டில் மட்டும் மறுபடி அந்தக் கறுப்பு வெள்ளைக்காரர்தான்!

மாடு தொலைந்தால், கிராமத்தில் போட்டோ காட்டித் தேட மாட்டார்கள். 'செவலையைப் பார்த்தீங்களா?' என்று ஒரு வார்த்தை போதும். செவலை என்றால் சிவப்பு. காரி என்றால் கறுப்பு. மயிலை என்றால் சாம்பல் கலந்த வெள்ளை. மறை என்றால் திட்டுத் திட்டானது. நான்கே வார்த்தையில் ஒரு தொழுவமே கண்முன் வந்து விடும். இவற்றில் எத்தனை உங்களுக்குத் தெரியும்? தெரியாவிட்டால் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் ஊரில் வேறு பெயர்கள்கூட இருக்கும். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மாடு வரையும்போது, முதலில் உங்கள் தெருவில் போகிற மாட்டைப் பாருங்கள். திமில் இருக்கிறதா, கொம்பு எப்படி வளைகிறது, வால் நுனி என்ன நிறம்... பார்த்தபின் கிரேயானை எடுங்கள். பர்கூர் மாடு வரைகிறவர்களுக்கு ஒரு வசதி. வெள்ளைத் திட்டை எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். எங்கே வைத்தாலும், அப்படி ஒருவர் அநேகமாக மலையில் மேய்ந்து கொண்டிருப்பார்!