பில் உங்களுடையது, ஓடிபி யாருடையது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிவிட்டு க்யூஆர் ஸ்கேன் பண்ணினால், சில கடைகளில் திரையில் கடைப் பெயர் வராது. முதலாளியின் மகன் பெயரோ மனைவி பெயரோ வரும். வாங்குகிற நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. கடைக்காரருக்கு அது பின்னால் வம்பாகலாம்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது நினைவிருக்கும். யுபிஐ வரவுகளைப் பார்த்து, அங்கே வணிகவரித் துறை சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் 'யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்' என்று அட்டைகள் தொங்கின. முதல்வர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசிய பிறகுதான் பதற்றம் அடங்கியது.

க்யூஆர் அட்டையைக் கழற்றி வைப்பது பலன் தராது. ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். ரொக்கம், யுபிஐ எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 40 லட்சம் என்றால் நாளுக்குச் சுமார் 11,000 ரூபாய். கோயில் பக்கம் நன்றாக ஓடுகிற கடைக்கு அது பெரிய தொகையா என்ன?

உண்மையான சிக்கல் கலப்படத்தில் இருக்கிறது. (பால்கோவாவில் இல்லை, பாஸ்புக்கில்!) விற்பனைப் பணம், சீட்டு எடுத்த பணம், மச்சான் திருப்பித் தந்த கைமாற்று எல்லாம் ஒரே கணக்கில் விழுந்தால், கேள்வி வரும்போது எது வியாபாரம், எது வீடு என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். வியாபாரத்துக்குத் தனி கரண்ட் அக்கவுண்ட், அதற்கு ஒரு க்யூஆர். முதல் வேலை இதுதான்.

1.5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காம்போசிஷன் திட்டத்தில் 1% வரி கட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அதில் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது. பெங்களூருக்கு பால்கோவா கூரியர் பண்ணுகிற கடைக்கு அந்த வழி அடைபடுகிறது. இதைத் தெரியாமல் சேர்ந்துவிடக் கூடாது.

ராஜபாளையம் பக்கம் கதை வேறு. சத்திரப்பட்டியில் தயாராகும் பேண்டேஜ் துணியை வாங்குபவர்களில் நிறுவனங்கள் அதிகம். அங்கே இ-இன்வாய்ஸ் பேச்சு வந்தாகிவிட்டது. 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேல் என்று தொடங்கிய கட்டாயம், 2023 ஆகஸ்ட்டில் 5 கோடிக்கு இறங்கியது. மூன்று வருஷம்கூட ஆகவில்லை. இன்னும் இறங்காது என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

பலர் நினைப்பதுபோல் அரசு தளத்தில் உட்கார்ந்து பில் போடுவதல்ல இது. உங்கள் சாஃப்ட்வேரில் போட்ட பில்லை அந்தத் தளத்துக்கு அனுப்பினால், பதிவு எண்ணும் க்யூஆரும் சேர்ந்து திரும்பி வரும். கட்டாயம் உள்ளவர் இதைச் செய்யாவிட்டால் அந்த பில் சட்டப்படி பில்லே இல்லை. வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவும் சிக்கலாகும். அப்புறம் அவர் ஏன் உங்களிடம் அடுத்த ஆர்டர் கொடுக்கப்போகிறார்? 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் 5 கோடியைத் தாண்டியிருந்தாலே போதும், கட்டாயம் வந்துவிடும். ஒரே பான் எண்ணில் வேறு ஊரில் நடத்தும் கிளையின் விற்பனையும் இதில் சேரும்.

எனக்கு இதையெல்லாம்விடக் கவலை தருவது ஒன்று உண்டு. பல சிறு முதலாளிகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறது. ஓடிபியும் அங்கே வேலை பார்க்கும் தம்பியின் போனுக்கே போகிறது. உங்கள் கணக்கு துறைக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும், சரக்கு வாங்கியவருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது. ரிட்டர்ன் விட்டுப்போனால் அதுவும் தெரியாது. கெடு முடிந்து மூன்று ஆண்டு கடந்த ரிட்டர்னை இப்போது போர்ட்டலே வாங்குவதில்லை.

ஆடிட்டரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பதிவில் உங்கள் மொபைல் நம்பரையும் மெயிலையும் போடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். 20ஆம் தேதி நெருங்கும்போது மட்டும் போய் நிற்காதீர்கள்.