டிரோன் பறந்தது, நமக்கு என்ன தெரிந்தது?

இறுதியாண்டுத் திட்டத்திற்காக நாங்கள் நால்வர் சேர்ந்து செய்த டிரோன், கண்காட்சி நாளன்று ஒரு நிமிடம்கூட ஆடாமல் நிற்கவில்லை. பக்கத்து மேசைக் குழுவினர் கடையில் வாங்கிய டிரோனில் கூடுதலாக ஒரு கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். அது ஆணி அடித்தாற்போல அந்தரத்தில் நின்றது. பரிசும் அதற்கே கிடைத்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

டிரோனை அப்படி நிற்க வைப்பது ஆட்டோபைலட். சாய்வை அளக்கும் உணரி, காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் உணரி, ஜிபிஎஸ் ஆகியவை தரும் தகவலை வைத்து, ஒரு சிறிய கணினி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்துகிறது. மூன்று மாதம் நாங்கள் மல்லுக்கட்டியது இந்தத் திருத்தத்தோடுதான். அவர்களுக்கு அது பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது.

தொழில்முனைவோர் பட்டறைகளில் முதலீடு திரட்டி வென்றவர்களின் கதைகளே அதிகம் சொல்லப்படுகின்றன. ஏர்வேர் கதையையும் சொல்லலாமே! வர்த்தக டிரோன்களுக்கு ஆட்டோபைலட் உருவாக்க, ஜோனதன் டவுனி 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. சுமார் 118 மில்லியன் டாலர் முதலீடு பெற்றது. ஆனால், டிஜேஐ போன்ற சீன நிறுவனங்கள் ஆட்டோபைலட்டோடு சேர்த்தே டிரோனை மலிவாக விற்றன. தனியாக அதை வாங்க ஆள் குறைந்தது. டிரோன் எடுக்கும் படங்களை ஆய்வு செய்யும் மென்பொருளுக்கு ஏர்வேர் மாறிப் பார்த்தது. 2018 செப்டம்பரில் கதவை மூடியது. அதன் ஊழியர்களுக்கு வேலை போனது.

அப்படியானால் ஆட்டோபைலட்டைக் கற்று என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். என் நண்பனும் அதைத்தான் கேட்டான்.

சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிச் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லோரன்ஸ் மையர், 2008இல் சக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆட்டோபைலட் திட்டத்தைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பிஎக்ஸ்4. அதன் நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. பின்னர் அதை அடிப்படையாகக் கொண்டு ஆட்டேரியன் என்ற நிறுவனத்தையும் அவர் இணைந்து நிறுவினார். எங்கள் டிரோனில் ஓடியதும் பிஎக்ஸ்4தான். ஒரு சென்கூடக் கட்டவில்லை.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மோட்டார் வாங்கவே ஆளுக்கு நூறு ரிங்கிட் போட்டவர்கள் நாங்கள். கடையில் வாங்குவதும் குற்றமில்லை; அந்தக் குழுவும் உழைத்தது. ஆனால், மதிப்பெண் போடுபவர்கள் "இதில் நீங்கள் மாற்றிய வரி எது, ஏன் மாற்றினீர்கள்?" என்று ஒவ்வொரு குழுவிடமும் கேட்க வேண்டும். எங்களிடமும் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், டிரோன் ஏன் ஆடுகிறது என்றாவது சொல்லியிருப்போம்.

அந்த டிரோன் இப்போது இளைய மாணவர்களிடம் இருக்கிறது. காற்றடித்தால் அது ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டார். தெரிந்த அளவு சொன்னேன். மீதிக்கு நிரலைத் திறந்து, இருவருமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.