‘வாங்கு’ என்று சொல்பவர் யார்?

கட்டாரில் தொழில் புரியும் என் நானா விடுமுறையில் வந்திருந்தபோது வாப்பாவிடம் தன் கைப்பேசியைக் காட்டினார். அதில் ஓர் அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பனியின் பெயர். அதன் கீழே பச்சை நிறத்தில் ‘வாங்கு’ என்று ஒரு சொல்.

“பெரிய பெரிய பகுப்பாய்வாளர்களெல்லாம் வாங்கச் சொல்றாங்க வாப்பா. மேல்மாடி கட்ட வச்சிருக்கிற காசை இதுல போட்டா என்ன?”

வாப்பா என் பக்கம் திரும்பினார். “நீ வணிகப் பிரிவுதானே மகள், நீ என்ன சொல்றாய்?”

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடி வாசித்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்தையே இங்கு எழுதுகிறேன்.

பகுப்பாய்வாளர் என்பவர் ஒரு கம்பனியின் கணக்குகளை ஆராய்ந்து, அதன் பங்கை வாங்கலாமா, வைத்திருக்கலாமா, விற்கலாமா எனத் தரப்படுத்துபவர். இவர்களுள் பலர் முதலீட்டு வங்கிகளில் பணியாற்றுகின்றனர். அவ்வங்கிகளோ, கம்பனிகளுக்குப் புதிய பங்குகளை வெளியிட்டுக் கொடுத்துக் கட்டணம் பெறுகின்றன. தன் வங்கிக்கு வருமானம் தரும் கம்பனியைப் பார்த்து ‘விற்றுவிடுங்கள்’ என்று எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ‘வாங்கு’ என்ற தரப்படுத்தல் மலிந்தும் ‘விற்பனை செய்’ என்பது அரிதாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே என் எண்ணம்.

இது வெறும் சந்தேகமன்று. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் இணையக் கம்பனிகளின் பங்குகள் விண்ணை முட்டின. தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் சுட்டி 2000 மார்ச் 10ஆம் திகதி 5,048 புள்ளிகளைத் தொட்டது. 2002 ஒக்டோபரில் அது 1,114 ஆக வீழ்ந்தது. நூறு ரூபாய் இருபத்திரண்டு ரூபாயானதற்கு இது சமம். பழைய உச்சத்தை மீண்டும் எட்ட 2015 வரை, பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபராக இருந்த எலியட் ஸ்பிட்சர் இதுபற்றி விசாரித்தபோது, மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளிவந்தன. மக்களுக்கு வாங்கும்படி சிபாரிசு செய்த சில பங்குகளை, பகுப்பாய்வாளர்கள் தமக்குள் குப்பை என்று இகழ்ந்திருந்தனர்! 2002இல் அந்நிறுவனம் 100 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. மறு ஆண்டு பத்து நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 1.4 பில்லியன் டொலர் செலுத்த இணங்கின. ஆய்வுப் பிரிவையும் வங்கிப் பிரிவையும் பிரித்து வைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

அதற்காகப் பகுப்பாய்வாளர்கள் அனைவரும் பொய்யர்கள் என்று நான் கூறவில்லை. அவர்களது அறிக்கைகளில் வருமானம், கடன், போட்டி பற்றிய பயனுள்ள தகவல்கள் உண்டு. நாம் செய்யும் தவறு, அறிக்கையை விட்டுவிட்டுப் பச்சை நிறச் சொல்லை மட்டும் வாசிப்பதே. உண்மையாக எழுதப்பட்ட தரப்படுத்தல்கூட எல்லோருக்கும் பொருந்தாது. அவர்கள் கூறும் இலக்கு விலை பெரும்பாலும் பன்னிரண்டு மாதங்களுக்குரியது. நானாவுக்கோ ஆறு மாதத்தில் மேசன்மாருக்குக் கூலி கொடுக்க வேண்டும். பங்கு விலை இறங்கியிருக்கும் நாளில் காசு தேவைப்பட்டால், நட்டத்துக்கு விற்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நட்டத்தில் பகுப்பாய்வாளர் ஒரு சதமும் பங்கெடுக்க மாட்டார்.

ஆகவே, சகோதரிகளே, பெற்றோர்களே! யாராவது ‘வாங்கு’ என்றால் மூன்று கேள்விகளைக் கேட்போம். சொல்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? இந்தக் காசு எனக்கு எப்போது தேவை? இது முழுவதும் போனால் வீட்டில் எது நின்றுபோகும்?

இவற்றை நானாவுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். மூன்றாவது கேள்விக்கு மட்டும் உடனே பதில் வந்தது: “மேல்மாடிதான்.” காசு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.